உனக்கு யாரு பேரு போடுவா?

ஃபில்ம் வேலைக்குப் போறேன்னு வீட்டுல சொன்ன அன்னிக்கு அம்மா கத்தல, அழல. சோத்துத் தட்ட ஓரமா தள்ளி வச்சுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "அங்க உனக்கு யாரு பேரு போடுவா?"

மலேசியாவுல ரப்பர் தோட்டத்துல வளராதவங்களுக்கு இது என்ன கேள்வின்னே புரியாது, அதனால முதல்ல அத சொல்லிடுறேன். விடியறதுக்கு முன்னாடியே பெரட்டுக் களத்துல எல்லாரும் வந்து நிக்கணும், தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி செக்ரோல்ங்கற ஆள் கணக்குப் புத்தகத்த வச்சுக்கிட்டு ஒவ்வொருத்தர் பேரா கூப்பிட்டுப் போடுவாரு, பேரு விழுந்தாத்தான் அன்னிக்கு வேல, வேல இருந்தாத்தான் சம்பளம். லேட்டா போனா பேரு இல்ல. மழ பேஞ்சு பட்ட நனைஞ்சு கெடந்தா மரம் வெட்ட முடியாது (பட்டையக் கீறி ரப்பர் பால் எடுக்கறதத்தான் மரம் வெட்டுறதுன்னு சொல்வோம்), அன்னிக்கும் பேரு இல்ல. அம்மா 22 வருஷம் அந்தக் களத்துல நின்னு பேரு வாங்குனவங்க. அவங்களுக்கு வேலைன்னா ஒரு புத்தகத்துல தன் பேரு தெனமும் விழறது. கேமரா, கதை, டைரக்‌ஷன்னு நான் சொன்னதுல அந்தப் புத்தகம் எங்கயுமே இல்ல.

அன்னிக்கு எனக்குக் கோவந்தான் வந்துச்சு, இவங்களுக்கு ஒன்னும் புரியலன்னு நெனச்சேன். இப்ப 13 வருஷம் இந்த வேலையில இருந்துட்டுச் சொல்றேன், இந்த வேலையப் பத்தி என்கிட்ட கேட்ட கேள்விகள்லயே அதுதான் சரியான கேள்வி. அதுக்கு நான் தேடுன பதிலத்தான் இங்க எழுதுறேன், நம்ம புள்ளைங்க யாராவது இதே மாதிரி ஒரு சோத்துத் தட்டு முன்னாடி பேச முடியாம உக்காந்திருந்தா உதவட்டும்.

எனக்கு ஊரு சுங்கை சிப்புட். பேராக்ல, ஈப்போவுக்கு வடக்க, கித்தாவும் (ரப்பர்) செம்பனையும் (எண்ணெய்ப் பனை) சுத்தி நிக்கிற டவுனு. 1948 ஜூன் 16ல ஊருக்குப் பக்கத்துத் தோட்டங்கள்ல மூணு வெள்ளக்காரங்கள சுட்டுக் கொன்னாங்க, ரெண்டே நாள்ல மலாயா முழுக்க அவசரகாலம் வந்துச்சு. நான் படிச்ச பாடப்புத்தகத்துல எங்க ஊரு பேரு வந்தது அந்த ஒரு எடத்துலதான், அதுலயும் அந்தத் தோட்டங்கள்ல மரம் வெட்டுன எங்க ஆளுங்க பேரு ஒன்னு கூட கெடையாது. நான் படம் எடுக்கணும்னு நெனச்சதுக்கு மொத காரணம் எதுன்னு கேட்டா இதத்தான் சொல்வேன்.

தாத்தா சேலம் பக்கத்துலருந்து வந்தவரு. நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறி பினாங்குல எறங்குனாரு. பாட்டி பின்னாடி வந்தாங்க. தாத்தாவுக்குக் குடியுரிமை கெடச்சுது, பாட்டிக்கு ஏதோ ஒரு பாரத்துல ஏதோ ஒன்னு சரியில்லாம போயி கடைசி வரைக்கும் குடியுரிமை இல்லாதவங்களுக்குக் குடுக்குற சிவப்பு ஐ.சி. (அடையாள அட்டை)தான். இங்கயே அறுபது வருஷத்துக்கு மேல இருந்தவங்களுக்கு ஓட்டு இல்ல. அதனால எங்க வீட்டுல பேப்பருன்னா பயம். கவர்மெண்டு முத்திரை போட்ட கடுதாசி வந்தா அப்பா படிக்கிற வரைக்கும் யாரும் மூச்சு விட மாட்டாங்க. இத ஏன் சொல்றேன்னா, பின்னாடி ரிலீஸ் பாரம், அதாவது படத்துல வர்றவங்க சம்மதம் குடுக்குற பாரம் பத்திப் பேசும்போது வேணும்.

நம்ம வீடுகள்ல டாக்டரு, லாயரு, டீச்சரு, இல்லாட்டி கவர்மெண்டு வேலன்னு ஏன் விடாம சொல்றாங்கன்னு நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். கௌரவத்துக்காக மட்டும் இல்ல. நாங்க இருந்த லயன் வீடு, வரிசையா கட்டுன தொழிலாளர் வீடு, தோட்டத்தோடது. வேல போச்சுன்னா வீடும் போச்சு, வயசாயி ரிட்டையர் ஆனாலும் வீட்ட காலி பண்ணணும். எங்க தோட்டத்த வித்து வேற கையி மாறுனப்ப நாங்க டவுனுக்கு வந்து தாமான்ல (குடியிருப்புப் பகுதி) லோ காஸ்ட் வீட்டுல குடியேறுனோம், எனக்கு அப்ப எட்டு வயசு, அம்மா அடுப்படி சொவத்த ஒரு நிமிஷம் தொட்டுப் பாத்துட்டு லோரியில ஏறுனது இன்னும் கண்ணுல நிக்குது. அப்படி ஒரு தடவ எல்லாத்தையும் எழந்து வந்தவங்க மாசாமாசம் சம்பளம் வராத வேலையக் கேட்டா பயப்படத்தான் செய்வாங்க. அந்தப் பயத்துக்குள்ள நெறைய அனுபவம் இருக்கு, அத எதிரின்னு நெனச்சு நான் ரெண்டு வருஷத்த வீணாக்குனேன்.

என்ன பண்ணேன்னா, பொய் சொன்னேன். எஸ்.டி.பி.எம் (ஆறாம் படிவப் பரீட்ச) முடிச்சுட்டு ஈப்போவுல ஒரு காலேஜ்ல அக்கவுண்டிங் டிப்ளோமா சேந்தேன், பி.டி.பி.டி.என்ங்கற அரசாங்கப் படிப்பு லோன் எடுத்து. மூணாவது செமஸ்டர்ல போறத நிறுத்திட்டேன். காலைல பேக்க மாட்டிக்கிட்டு பஸ் ஏறி ஒரு கல்யாண வீடியோ ஸ்டூடியோவுல போயி எடிட்டிங் கத்துக்கிட்டேன், சாயங்காலம் காலேஜ்லருந்து வர்ற மாதிரியே வீட்டுக்கு வந்தேன். ஏழு மாசம். பி.டி.பி.டி.என் கடுதாசி வீட்டுக்கு வந்துச்சு, அப்பா பிரிச்சுப் படிச்சாரு. அவரு தோட்டத்துல லோரி ஓட்டுனவரு, மலாய் நல்லா படிப்பாரு. அடிக்கல, திட்டல, அஞ்சு மாசம் என்கூட ஒரு வார்த்த பேசல. கடன் இன்னிக்கு வரைக்கும் கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். படிப்ப மாத்தணும்னா மாத்துங்க, ஆனா அடுத்த செமஸ்டர் பணம் எறங்குறதுக்கு முன்னாடி மாத்துங்க, வீட்டுல சொல்லிட்டு மாத்துங்க. சண்ட ஒரு வாரத்துல தீரும், நம்பிக்க போனா அது திரும்பி வர வருஷக்கணக்காகும்.

ஃபில்ம் முறையா படிக்கலாமான்னு கேக்குறவங்களுக்கு: கோலாலம்பூர்ல அஸ்வாரான்னு ஒரு கலைக் கல்லூரி இருக்கு, ஃபில்முக்குன்னே தனி ஃபேக்கல்ட்டி வச்சிருக்காங்க, அரசாங்க ஆதரவுல நடக்குறது. அத எனக்கு யாரும் சொல்லல. எங்க ஸ்கூல் கவுன்சிலிங் ரூம் சொவத்துல நர்ஸிங், டீச்சிங், பாலிடெக்னிக் போஸ்டருங்கதான் இருந்துச்சு. நீங்க எஸ்.பி.எம் (அஞ்சாம் படிவப் பரீட்ச) எழுதும்போதே இதையும் லிஸ்ட்ல சேத்து வீட்டுல காட்டுங்க, ஒரு நெஜமான பாரம், ஒரு நெஜமான எடம் இருந்தா பேச்சே வேற மாதிரி போகும்.

அந்த அஞ்சு மாச மௌனத்த ஒடச்சது அம்மாதான். ஒருநாள் கடையிலருந்து ஒரு 555 புத்தகம் வாங்கிட்டு வந்து என் கையில குடுத்தாங்க. மலேசியாவுல அந்தச் சின்னப் புத்தகம் தெரியாத ஆளு கெடையாது, சீனன் கடையில கடன் எழுதி எழுதியே எங்க தலைமுறைய வளத்த புத்தகம். அம்மா சொன்னாங்க, "ரெண்டு வருஷம். மாசாமாசம் என்ன வந்துச்சு, என்ன போச்சுன்னு இதுல எழுது. வீட்டுக்கு முன்னூறு வெள்ளி குடு. ஆறு மாசம் சேந்தாப்ல குடுக்க முடியலன்னா வேற வேல பாரு. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்." (வெள்ளின்னா ரிங்கிட், எங்க நாட்டுப் பணம்.)

அதுக்கு முன்னாடி ஆசை, லட்சியம்னு எவ்வளவோ பேசியிருக்கேன், ஒன்னும் ஏறல. அந்தப் புத்தகத்துல மொத மாசம் "வரவு 450, பஸ் 96, மெமரி கார்டு 60, வீட்டுக்கு 290"ன்னு எழுதிக் காட்டுனப்ப அம்மா ரொம்ப நேரம் பாத்துட்டு, "பத்து வெள்ளி கொறையுது"ன்னு சொன்னாங்க. அதான் என் வேலையப் பத்தி அவங்க மொதமொதல்ல பேசுன பேச்சு. எனக்கு அன்னிக்கு எவ்வளவு சந்தோஷம்னு சொல்லத் தெரியல. உங்க வீட்டுல இருக்கிறவங்களுக்கு எந்தக் கணக்கு புரியுமோ அந்தக் கணக்குல பேசுங்க. எவ்வளவு நாள் முயற்சி, மாசம் எவ்வளவு தேவ, எந்தக் கட்டத்துல நிறுத்துவோம், இந்த மூணும் எழுத்துல இருந்தா பெத்தவங்களுக்குப் பாதிப் பயம் போயிடும், நமக்கும் ஒரு ஒழுங்கு வந்துடும்.

கல்யாண வீடியோவ மட்டமா பேசுற ஆளுங்கள எனக்குப் பிடிக்காது. நாலு வருஷம் சுங்கை சிப்புட், குவால கங்சார், ஈப்போன்னு கோயில் மண்டபம் மண்டபமா ஏறி எறங்குனேன், டைரக்‌ஷன்ல எனக்குத் தெரிஞ்ச பாதி அங்க கத்துக்கிட்டது. தாலி கட்டுறத ரெண்டாவது டேக் எடுக்க முடியாது. எங்க நிக்கணும், யாரு முகம் அந்த நொடியில மாறப் போகுது, பொண்ணோட அம்மாவா, தம்பியான்னு முன்னாடியே கணிச்சு லென்ஸ அங்க வச்சிருக்கணும். மேளச் சத்தத்துல ஐயரு மைக்கு வெடிக்காம சவுண்டு எடுக்கணும். இன்னொன்னு, மண்டபத்து ட்யூப் லைட்டு. நம்ம நாட்டு கரண்டு 50 ஹெர்ட்ஸ், அதனால 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50ல வைங்க, இல்லாட்டி வீடியோ பூரா லைட்டு துடிச்சுக்கிட்டே இருக்கும். யூடியூப்ல அமெரிக்காக்காரங்க சொல்ற 24, 30, ஷட்டர் 1/60 எல்லாம் அவங்க ஊரு கரண்டுக்கு. இது தெரியாம ஒரு முழு ரிசப்ஷன கெடுத்து, அந்தக் குடும்பத்துக்குக் காசத் திருப்பிக் குடுத்தேன்.

அப்புறம் கோலாலம்பூர் போனேன். ஒரு தமிழ் டிவி நாடகத்துல அசிஸ்டண்ட் வேல. கம்பெனி பேரு வேணாம். மூணு மாசம் ஓடுனேன், கடைசியில வர வேண்டிய 2,400 வெள்ளி வரவே இல்ல. "எபிசோட் பாஸாகட்டும்", "சேனல்லருந்து வரட்டும்", அப்புறம் போனே எடுக்கல. வாய் வார்த்தையில நம்பிப் போன வேல. 555ல "வரணும் 2,400"ன்னு எழுதுனத அம்மா பாத்துட்டு, "கடைக்காரன் கூட கடன் குடுத்தா அன்னிக்கே எழுதி ஆளுக்கு முன்னாடி காட்டுவான், நீ ஏன் எழுதிக் காட்டல?"ன்னு கேட்டாங்க.

அன்னிலருந்து என் பழக்கம் இது. பெரிய அக்ரிமெண்ட் போட முடியலன்னாலும் வேலைய ஒத்துக்கிட்ட அன்னிக்கு ராத்திரியே வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போடுவேன்: "அண்ணே, நாம பேசுனபடி இத்தன நாளு, ஒரு நாளுக்கு இவ்வளவு, பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல போனா இவ்வளவு, டிரான்ஸ்போர்ட் உங்க பக்கம், பேமெண்ட் இந்தத் தேதிக்குள்ள, சரியாண்ணே?" அவங்க "ஓகே"ன்னு ஒரு வார்த்த அனுப்புனாலே போதும், அது ரெக்கார்டு. எடிட்டிங் வேலைன்னா பாதிப் பணம் முன்னாடி, மீதி வர்ற வரைக்கும் குறுக்கால எழுத்து போட்ட ஃபைல்தான் போகும். மரியாதையா கேட்டா நல்லவங்க யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. கோவிச்சுக்கிட்டா அந்த வேலைய விட்டுடுங்க, அந்தக் கோவமே உங்களுக்கு ஒரு தகவல்.

பொம்பளப் புள்ளைங்களுக்குத் தனியா ஒன்னு. ராத்திரி ஷூட்டிங் முடிஞ்சு எப்படி வீட்டுக்குப் போறதுங்கறத வேலைய ஒத்துக்குறதுக்கு முன்னாடியே கேளுங்க. கேக்குறதுக்குக் கூச்சப்படாதீங்க. நான் லொக்கேஷன அம்மா போனுக்கு ஷேர் பண்ணிட்டுத்தான் போவேன். வெளியூர்னா ரூம் யாரோடன்னு பேரு கேட்டுட்டுத்தான் பேக்க கட்டுவேன். அம்மா இதுக்குத்தான் பயந்தாங்க, அந்தப் பயம் சரியான பயம்.

அப்பா விஷயம் வேற. அவரு பணத்தப் பத்திக் கேக்கல. "நம்ம ஆளுங்களுக்கு இந்த நாட்டுல சினிமாவுல என்னம்மா எடம்?"ன்னு கேட்டாரு. அவரு மலாய் நடிகர், பாடகர் பி. ரம்லி மேல பைத்தியம், லோரியில கேசட்டு வச்சிருப்பாரு. ஒருநாள் ராத்திரி அவருகிட்ட உக்காந்து சொன்னேன், அப்பா, மொத மலாய்ப் படம்னு சொல்ற லைலா மஜ்னூன 1930கள்ல டைரக்ட் பண்ணது பி.எஸ். ராஜ்ஹன்ஸ், இந்தியாவுலருந்து வந்தவரு. ரம்லி மொதமொதல்ல ஹீரோவா நடிச்ச பக்தி, 1950ல வந்தது, அத டைரக்ட் பண்ணது எல். கிருஷ்ணன், சின்ன வயசுலயே பினாங்குக்கு வந்து வளந்த நம்மாளு. அப்பா ரெண்டு தடவ கேட்டாரு, "யாரு, கிருஷ்ணனா?" அப்புறம் 2016ல மலேசியத் திரைப்பட விழாவுல ஜகாட்ங்கற தமிழ்ப் படம் சிறந்த மலேசியப் படம்னு விருது வாங்குனப்ப, தோட்டத்துலருந்து வெளிய வந்த குடும்பத்துப் பையன் கதை, சஞ்சய் குமார் பெருமாள் எடுத்தது, அப்பா அந்தப் பேப்பர் செய்திய வெட்டி அலமாரிக் கண்ணாடியில சொருகி வச்சாரு. என்கிட்ட ஒன்னும் சொல்லல. நான் பாத்தேன்னு அவருக்குத் தெரியும்.

அதே வருஷம் அவர உலு கிளாங்குக்குக் கூட்டிட்டுப் போனேன். ஃபினாஸ், அதாவது தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகத்தோட ஆபிஸ் இருக்கிறது பழைய மெர்டேக்கா ஸ்டூடியோ எடத்துலதான், ரம்லி 1964ல சிங்கப்பூர்லருந்து வந்து வேல செஞ்ச எடம். அப்பா கேட்டுல நின்னு செருப்பக் கழட்டப் போனாரு, நான்தான் தடுத்தேன். ஃபினாஸ் பத்தி தெரிஞ்சுக்க வேண்டியது என்னன்னா, 1981 சட்டப்படி படம் தயாரிக்கிற கம்பெனிக்கு லைசென்ஸ் வேணும், தியேட்டர்ல ஓடணும்னா அதுக்கு மேல சென்சார் போர்டும் இருக்கு. ஆரம்பத்துல தனியா லைசென்ஸ் எடுக்க வசதி இல்லாதவங்க லைசென்ஸ் உள்ள ஒரு கம்பெனியோட சேந்து பண்ணலாம், ஆனா படத்தோட உரிமை யாருக்குன்னு எழுதி வாங்கிட்டு. பேப்பர் வேலையெல்லாம் மலாய்லதான் ஓடும். கத எந்த மொழியில இருந்தாலும் சினாப்சிஸ நல்ல மலாய்ல எழுதப் பழகுங்க. என்னோடத அப்பாதான் திருத்துனாரு.

டாக்குமெண்டரிப் பக்கம் போறவங்களுக்கு ஃப்ரீடம் ஃபில்ம் ஃபெஸ்ட் இருக்கு, 2003லருந்து நடக்குது, புது ஆளுங்க படம் எடுக்க உதவிப் பணமும் குடுத்திருக்காங்க. தியேட்டர் கெடைக்காத படங்கள ஜனங்க முன்னாடி போட்டுக் காட்டி உக்காந்து பேசுற பழக்கத்த நான் அங்கதான் பாத்தேன்.

இப்ப என் சொந்தப் படத்துக்கு வர்றேன். இருபது நிமிஷக் குறும்படம், ஒரு மரம் வெட்டுற பொம்பளையோட ஒரே ஒரு காலை நேரம். பிப்ரவரியில எனக்கு லீவு இருந்துச்சு, கேமராவும் கெடச்சுது, எல்லாம் பிளான் பண்ணிட்டு அம்மாகிட்ட சொன்னா, "அந்த மாசம் எல உதுரும், பால் இருக்காது, பால் புடிக்கிற மங்க வெறுசா வச்சா படம் புடிக்கப் போற?"ன்னாங்க. ஷெட்யூல மாத்துனேன். தோட்டம் இப்ப செம்பனையா மாறிடுச்சு, அதனால ஒருத்தரோட சொந்தக் கித்தாக் காட்டுலதான் எடுத்தோம். அதுக்கு முன்னாடி ஒரு தோட்டத்துல வாய் வார்த்தையில அனுமதி வாங்கிட்டு பதினோரு பேரோட போயி, கேட்டுல ஜாகா (காவல்காரரு) விடாம, ஒரு முழு நாள் சாப்பாடு வாடகை எல்லாம் போச்சு. நிலம் யாரோடதோ அவங்ககிட்ட எழுத்துல வாங்குங்க, ஒரு காப்பி கேட்டுக்கும் குடுங்க.

நடிக்க வந்தவங்க ஈப்போ நாடகக்குழு அக்கா, நல்ல நடிகை. மொத நாள் அம்மா ஓரமா நிக்கிறாங்க, சும்மா பாக்க வந்தவங்க. நான் ஆக்‌ஷன் சொன்னேன், அக்கா உளிய வச்சு ஒரு இழு இழுத்தாங்க, அம்மா "நிறுத்து"ன்னு சத்தம் போட்டுட்டாங்க. டேக்குக்கு நடுவுல. "வெட்டு எடது பக்கம் மேல, வலது பக்கம் கீழ சாயணும், இவ மாத்தி வெட்டுறா, பால் ஒழுங்கா வராது." மரத்துக்குள்ள பால் ஓடுற குழாய்ங்க நேரா இருக்காது, லேசா சாஞ்சு சுத்தி ஏறும், இப்படிச் சாச்சு வெட்டுனாத்தான் நெறைய குழாய் அறுபட்டு பால் வரும்னு நான் பின்னாடி படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். அம்மாவுக்கு அது கையில இருக்கு. அந்த நாளு முழுக்க அவங்கதான் எங்களுக்குக் கண்டினியூட்டி. வாளிய எந்தக் கையில புடிக்கணும், நெரையில எந்த மரத்துக்கு அப்புறம் எந்த மரம், தலத்துணிய எப்படிக் கட்டுனா கொசு காதுல போகாது, எல்லாம். சாயங்காலம் டீமுக்குப் பேமெண்ட் குடுக்கும்போது அம்மாவுக்கும் ஒரு என்வலப்புல 150 வெள்ளி போட்டுக் குடுத்தேன். வாங்க மாட்டேன்னாங்க. "பேரு போட்டாச்சும்மா, வாங்கித்தான் ஆகணும்"னேன். வாங்கிக்கிட்டாங்க. நம்ம பெத்தவங்ககிட்ட ஆசீர்வாதம் மட்டும் கேக்காதீங்க, அவங்களுக்குத் தெரிஞ்ச வேலைய கேளுங்க, அதுக்குக் கூலியும் குடுங்க.

டெக்னிக்கலா அந்தக் காட்டுல கத்துக்கிட்டது கொஞ்சம். ஏர்கோன் ரூம்லருந்து கேமராவ வெடியக்காலைல நேரா வெளிய எடுத்தா லென்ஸ் பூரா பனி புடிச்சுக்கும், அர மணி நேரமாவது மூடுன பேக்குக்குள்ளயே வெளிய வச்சிருங்க. நம்ம ஊரு ஈரத்துக்கு லென்ஸுக்குள்ள பூஞ்ச வரும், டிரை கேபினெட் வாங்க முடியலன்னா காத்து போகாத பிளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட வைங்க. நெத்தி லைட்டு வெளிச்சத்துல மட்டும் எடுத்தா முகம் வெளுத்துடும், லைட்டு மேல டிஷ்யூ ஒட்டுங்க. ஒவ்வொரு எடத்துலயும் எல்லாரையும் வாய மூடச் சொல்லி ஒரு நிமிஷம் வெறும் சத்தத்த மட்டும் ரெக்கார்டு பண்ணுங்க, காலை அஞ்சு மணிக்கு ஒரு பூச்சி, ஆறு மணிக்கு வேற பூச்சி, எடிட்டிங்ல ஒட்ட வைக்க முடியாம நான் அழுதிருக்கேன். புதுசா ஆரம்பிக்கிறவங்க கையில காசு கொஞ்சமா இருந்தா கேமராவுக்குப் போடாதீங்க, மைக்குக்குப் போடுங்க.

பேச்சு மொழிக்காக நான் ரொம்ப சண்ட போட்டேன். டிவி வேலையில நான் எழுதுன வசனத்துல சடக்கு, பசியாற, மங்குன்னு எங்க ஊரு வார்த்த வந்தா அடிச்சுட்டு சென்னைப் படத்துல வர்ற மாதிரி மாத்தச் சொல்வாங்க. 2005ல வந்த செம்மண் சாலை, தீபக் குமரன் மேனன் எடுத்தது, கித்தாத் தோட்டத்துக் கதை, அத ஒரு சி.டி.யில பாத்தப்பத்தான் எங்க வீட்டுப் பேச்சும் படத்துல வரலாம்னு எனக்குத் தெரிஞ்சுது. வீட்டுல பெரியவங்க பேசுறத இப்பவே போன்ல பதிஞ்சு வைங்க, கதை இருக்கோ இல்லையோ. பாட்டி பேசுனது என்கிட்ட பதினாலு மணி நேரம் இருக்கு. அவங்க 2019ல போயிட்டாங்க. அந்தப் பதினாலு மணி நேரம் மட்டும் இல்லன்னா என்கிட்ட அவங்க கொரல் ஒரு வார்த்த கூட இருந்திருக்காது.

பாட்டிய வச்சு ஒரு டாக்குமெண்டரி எடுத்தப்ப ரிலீஸ் பாரத்துல கைநாட்டு வைக்கச் சொன்னேன். கைய முந்தானைக்குள்ள மறச்சுக்கிட்டாங்க. "பேப்பர்ல வச்சுத்தான்டி எனக்கு இப்படி ஆச்சு." எனக்கு அப்ப ஒறச்சது, நான் நீட்டுனதும் அவங்களுக்குப் புரியாத மொழியில இன்னொரு பேப்பருதான். அதுக்கப்புறம் கேமராவ ஓட விட்டு, தமிழ்ல, இந்தப் படம் எதுக்கு, யாரு பாப்பாங்க, எந்தப் பகுதி வேணாம்னு எப்ப வேணா சொல்லலாம்னு ஒவ்வொன்னா சொல்லி, அவங்க சம்மதத்த அவங்க வாயாலயே பதிஞ்சேன். ரெண்டு எடத்த வேணாம்னாங்க, எடுத்துட்டேன். நல்ல காட்சிகதான், மனசு வலிச்சுது, ஆனாலும் எடுத்துட்டேன். அதே படத்துல செம்பனை வெட்டுற வங்காளதேசத்துத் தம்பி ஒருத்தர் ஊருக்குப் போன் பேசுற காட்சி இருக்கு, அம்மா அவருக்கு தெனமும் சோறு கட்டிக் குடுத்தாங்க, "உன் தாத்தா வந்தப்ப இந்த வயசுதான்"னு. அவரு முகத்தக் காட்டல, முதுகும் கொரலும் மட்டும். அவரு சம்மதிச்சாரு, ஆனா படத்தால அவரு வேல போனா நான் பொறுப்பேத்துக்க முடியாது.

குறும்படத்த மொதல்ல கோயில் மண்டபத்துலதான் போட்டோம். அம்மா சின்னப் புள்ளையா இருந்தப்ப தோட்டத்துத் திடல்ல வேன் வந்து வெள்ளத்துணி கட்டிப் படம் காட்டுவாங்களாம், பாய எடுத்துக்கிட்டுப் போயி எடம் புடிப்பாங்களாம், அதனால ஸ்கிரீன் வாடகைக்கு எடுக்காம வெள்ளத்துணியே கட்டச் சொன்னாங்க. நூறு பேருக்கு மேல வந்தாங்க. படம் முடிஞ்சு பேருங்க ஓட ஆரம்பிச்சதும் ஜனங்க எந்திரிச்சாங்க, அம்மா மட்டும் எந்திரிக்கல, வெரல நீட்டி நீட்டி ஒவ்வொரு பேரா படிச்சாங்க, கிராணி செக்ரோல் பாக்குற மாதிரி. முடிஞ்சதும் என்னக் கூப்பிட்டு, "பக்கத்து வீட்டுப் பெரியம்மா பேரு எங்க? நாலு நாளு நாலு மணிக்கு எந்திரிச்சு டீ போட்டு கொசுவத்தி கொளுத்துனது யாரு?" விட்டுப் போச்சு. ஞாபகத்த நம்பி எழுதுன லிஸ்டு. அன்னிக்கு ராத்திரியே திரும்ப எக்ஸ்போர்ட் பண்ணேன். அதுலருந்து ஷூட்டிங் ஒவ்வொரு நாளும் முடிஞ்ச ஒடனே அன்னிக்கு வந்தவங்க எல்லாரையும், கேமராக்காரருலருந்து கேட்டத் தொறந்து விட்டவரு வரைக்கும், ஒரு 555ல எழுதி வச்சுடுவேன். கிரெடிட் அந்தப் புத்தகத்துலருந்துதான் டைப் பண்ணுவேன்.

வருமானம்? இப்பவும் மாசாமாசம் ஒரே மாதிரி வராது. தீபாவளிக்கு முன்னாடி விளம்பர வேல குவியும், ஜனவரியில ஒன்னும் இருக்காது, அதனால குவியிற மாசத்துல மூணு மாச வீட்டுச் செலவ ஒதுக்கி வச்சுட்டுத்தான் மீதியத் தொடுவேன். இ.பி.எஃப்ல (ஊழியர் சேமநிதி) நானே போட்டுக்கிறேன், அம்மா கட்டளை. முன்னூறு இப்ப எழுநூறு ஆயிருக்கு. ரெண்டு வருஷ கெடு எப்ப முடிஞ்சுச்சுன்னு ரெண்டு பேருமே பேசிக்கல, புத்தகம் மட்டும் பதினேழாவது ஓடுது.

அப்பா என் வேலைய ஏத்துக்கிட்டேன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. போன மாசம் புதுப் படத்துக்கு வேன் டிரைவர் கெடைக்கல. வீட்டுல போன்ல யாருகிட்டயோ கெஞ்சிக்கிட்டு இருந்தேன். அவரு டிவி பாத்துக்கிட்டே சாவிய எடுத்து சட்டப் பையில போட்டுக்கிட்டு கேட்டாரு.

"நாளைக்கு எத்தன மணிக்குப் பெரட்டு?"

நாலரைன்னு சொன்னேன். புத்தகத்த எடுத்து மொத வரியில அவரு பேர எழுதுனேன்.